கம்பியைப் பிடுங்கிய பிறகு

பாய்சாந்து ஊர்க் குதிரை மருத்துவமனையில்
பதினெட்டு வருடமாய் ஒரே கணினி.
திரையில் பச்சைக் குன்று, மேலே நீல வானம்.
ஜன்னலுக்கு வெளியேயும் அதேதான்.
தன் மேய்ச்சல் நிலத்தை யாரோ
படமெடுத்துப் போட்டுவிட்டார்களென்று
பண்ணைக்காரர் அரோசேனா இன்னமும் நம்புகிறார்.

அப்டேட் நின்று
எத்தனையோ ஈற்றுக்காலம் ஆயிற்று.
வங்கித் தளம் கதவு திறப்பதில்லை.

புதிய விண்டோஸ்
குதிரை வாங்க வந்தவன் வாயைப் பிளந்து
பல் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு,
இன்ன சிப் இல்லை, வேண்டாம் என்றது.

பென்குவின் போட்ட இலவசத்தை
பென் டிரைவில் கொண்டுவந்தான் வில்மார்.
"வாங்காமலே ஏறிப் பாருங்கள், டாக்டர்."
ஏறினேன். நல்ல நடை.
எக்ஸ்ரே மென்பொருள் மட்டும்
ஓடையைக் கண்ட குட்டி மாதிரி
முன்னங்காலை ஊன்றி நின்றுவிட்டது.
அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை.

சனிக்கிழமை. மாத்தே ஆறிப்போக
நானும் அவனும் வாதாடிக்கொண்டிருந்தபோது
மூன்று காலில் வந்து நின்றது
ஒரு செம்பழுப்புப் பெட்டை.
பழையதைத் தட்டினேன்.
எழுந்திருக்க நாலு நிமிஷம்.
பிறகு காட்டியது:
எலும்பில் மயிரளவு விரிசல்.

அன்று மாலை தேர்ந்தெடுத்தோம்,
அல்லது தேர்ந்தெடுக்காமல் விட்டோம்.
மேசைக்கு வாங்கிய பெட்டியில் பென்குவின்.
மூலையில் பழையது,
வலைக் கம்பி பிடுங்கப்பட்டு,
ஊர்வம்பு எதுவும் எட்டாமல்.
நடுவே எட்டடி.
படங்களைக் கையில் வைத்துக்கொண்டு
நான்தான் நடக்கிறேன்.

பின்னணிக்கு என்ன படம் என்றது புதுத் திரை.
பிறகு, என்று அழுத்தினேன்.

திங்களன்று அரோசேனா
மேசையைப் பார்த்தபடியே நின்றார்.
"என் குன்றை என்ன செய்தீர்கள்?"