பூகே மரத்துக் கரி

இரவு பதினொன்றரைக்கு அடுப்பு அடங்கும்.
கடைசிப் பீட்சாவின் கருகலைச் சுரண்டிவிட்டு
சாம்பலை ஒரு பக்கம் தள்ளுவேன், கரியை ஒரு பக்கம்.
சாம்பல் ஊதினால் போய்விடும்.
கரியைப் பால்வாளியில் போட்டு
மூடியிறுக்கி மூச்சடக்கினால்
மறுநாள் தட்டிப் பார்க்கலாம்.
நல்லது கிண்ணென்னும்.
அரைகுறை மொத்தென்று விழும்,
அதற்கு இன்னும் மரமாய் இருக்கிற ஆசை.

வீட்டில் கோழி வாட்டுகிறாயா என்றான்
முதலாளி சல்வத்தோரே.
பூவுக்கு என்றேன்.
நெற்றியில் தொடங்கிச் சிலுவை போட்டுக்கொண்டான்.

கடையில் விற்கும் கரிக்கட்டி ஆகாது.
மாவும் பசையும் சேர்த்துப் பிடித்த கொழுக்கட்டை அது.
இது பூகே மரம்.
பெயரில் இருந்த பூவை
எரிந்த பிறகும் விடாமல் வைத்திருக்கிறது.

சோலோத்தூர்ன், நான்காம் மாடி.
சிங்க்கில் கரியைக் கழுவுகிறேன்,
கொட்டைப்பாக்களவில் உடைத்து.
தூள் நின்றால் வேருக்கு மூச்சு முட்டும்.
மூன்றாம் தண்ணீரும் கறுப்பு.
நான்காவது, மழைக்கால ஆரே ஆறு.
ஐந்தாவதில் தர்மினி வந்து நிற்கிறாள்:
"வீடு கையளிக்கிற அண்டைக்கு
இந்தச் சிங்க்குக்கு ஆர் காசு கட்டுறது?
கரிநாளிலதான் உங்களைக் கட்டியிருக்கிறன்."
சொல்லிவிட்டுத் தானே சிரித்து
பழைய பல்துலக்கி ஒன்றை நீட்டுகிறாள்.

ஓர்க்கிட் குப்பையிலிருந்து வந்தது.
பூக் கொட்டினால் செத்தது என்பது இங்கே கணக்கு.
கட்டணப் பையின் வாய்க்கு வெளியே
நான்கு இலை நீட்டிக்கொண்டிருந்தது.
எறிந்தவள் மேல்மாடி ரெகுலா.
சலவை அறையில் ஒருநாள் சொன்னாள்:
"உங்கள் யன்னலில் இருப்பது என்னுடையது."
கேட்டு வாங்கவில்லை. அடையாளம் மட்டும் சொன்னாள்.

தண்ணீர் சோதிக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை.
கரிக்கு உறிஞ்சத் தெரியும், உண்மைதான்;
நிரம்பிவிட்டால் நிறுத்திவிடும்.
நம் குழாயில் வருவதோ பாதிச் சுண்ணாம்பு.
ஆறு மாதத்தில் உங்கள் கரி வெறும் கல், என்றாள்.
கல்லாகவே இருக்கட்டும்,
வேர்களுக்கு நடுவே காற்று குந்த ஒரு திண்டு.

பந்தயம் கட்டினோம்.
ஒரு சாடியில் இரண்டு செடி இருந்தது,
விற்றவன் நெருக்கி நட்ட இரட்டை.
பிரித்து, நூலாய்ச் செத்த வேர்களை நறுக்கி,
ஒன்றுக்குப் பைன்பட்டை மட்டும்,
ஒன்றுக்குப் பட்டையும் கரியும்.
என் பூ முந்தினால் அவளுடைய சனிக்கிழமைச் சலவைமுறை எனக்கு.
பிந்தினால் என்னுடைய வெள்ளிக்கிழமை அவளுக்கு.

ஒக்டோபரில் இரவில் யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தேன்.
குளிர் தட்டினால்தான் அதற்குப் பூ நினைவு வரும்.
ஒரே கிழமையில் இரண்டு செடியிலும்
பச்சையாய் ஏதோ முட்டியது.
ஒன்று நிமிர்ந்தது. காம்பு.
கரிச் சாடியில் முட்டியது
வளைந்து, யோசித்து, கீழே இறங்கியது.
வேர்.
வேர் மேல் வேர்.
தைமாசம் முடியுமுன்
வெறும் பட்டையில் ஏழு பூ, வெள்ளை,
தொண்டையில் மட்டும் மஞ்சள்.

என் முகத்தில் கரி என்று தர்மினி சொல்லத் தேவையில்லை,
உண்மையிலேயே இருந்தது, வேலையால் வந்த நேரம்.
இப்போது செவ்வாய் காலையில் துவைக்கிறேன்.

சித்திரையில் கரிச் சாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
ஒரு வேர் ஒரு துண்டைத்
தட்டையாய்க் கட்டிப் பிடித்திருந்தது.
இழுத்தால் வேர் கிழியும்.
பழந்தமிழில் கரி என்றால் சாட்சியாம்.
எதற்குச் சாட்சியென்று எனக்கு விளங்கவில்லை;
துண்டோடு அப்படியே திரும்ப நட்டேன்.
பூ இன்னும் இல்லை.

நேற்றுப் படியில் ரெகுலா மறித்தாள்.
"அந்தக் கரி கொஞ்சம் கிடைக்குமா?"
முகம் பார்க்காமல் சொன்னாள்:
குளிர்சாதனப் பெட்டியில்
பாற்கட்டி நாற்றம் போகமாட்டேன் என்கிறதாம்.

மூன்று துண்டு கொடுத்தேன்,
தட்டிப் பார்த்து.