கேட் போட்டிருக்கும் நேரம்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டால்
எங்கள் கூடம் நிரம்பும்.
திறந்தால் காலி.
அதனால் பலகையில் பார்வை நேரம் எழுதவில்லை.

முன்பு உரக்கடை.
மூன்று முறை வெள்ளையடித்தும்
சுவரில் உப்புப் பூக்கிறது.
முதல் கண்காட்சிக்கு வந்த ஒருவர்
அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு
யார் வரைந்தது என்றார்.
வாஜிதா கூசாமல் தன் பெயரைச் சொன்னாள்.

நாங்கள் நான்கு பேர்.
வாடகை நாலாயிரத்து ஐந்நூறு.
இருதயம் நம்பர் பிளேட் எழுதுகிறான்.
நான் கல்யாண பிளெக்ஸில்
மாப்பிள்ளைகளை ஒரு சுற்று வெளுக்க வைக்கிறேன்.
வாஜிதாவுக்குப் பகுதிநேர ஓவிய வகுப்பு,
மே மாதம் சம்பளம் கிடையாது.
பரஞ்சோதி தருகிற மாதத்தில் தருவான்.
எங்கள் படங்களை இங்கே மாட்டுவதில்லை,
முதல்முறை காட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் சுவர்
என்பது நாங்களே போட்ட சட்டம்.
மீற ஆசை வராத மாதமில்லை.

இந்த மாதம் செங்கொடி.
கும்பகோணத்தில் படிப்பு முடித்து எட்டு மாதம்.
சட்டமிட்ட ஓவியங்கள் வரும் என்று
வரிசையாய் ஆணி அடித்து வைத்திருந்தோம்.
அவள் குட்டியானையில் வந்தாள்,
பதினோரு மூட்டை நெல்லோடு.
கொள்முதல் நிலையத்தில் தள்ளுபடியானது,
பதினாறு நாள் மழையில் கிடந்தது.
மூட்டைக்கு மூட்டை
ஊதா மார்க்கரில் ஈரப்பதம்: 21, 24, 22.

எப்படி அடுக்குவது என்றோம்.
அடுக்காதீங்க,
இறக்கிப் போட்ட மாதிரியே கிடக்கட்டும் என்றாள்.

மூன்றாம் நாள்
சாக்கின் கண்வழியே முளை.
ஐந்தாம் நாள் வாடை.
கட்டடக்காரர் போனில் கத்தினார்.
இருதயம் ஃபினாயில் வாங்கிவந்து தெளித்தான்.
செங்கொடி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

நேற்று ஏதோ எஞ்சின் மாற்றம்.
கேட் இருபது நிமிடம்.
டவுன் பஸ்ஸில் பாதி இறங்கி உள்ளே வந்தது.
ஒரு அம்மாள் முளையைக் கை நிறையக் கிள்ளி
ஆட்டுக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.
செங்கொடி தடுக்கவில்லை,
நோட்டில் தேதி போட்டுக் குறித்தாள்.

டிபன் பை மாட்டிய ஒல்லியான ஒருவர்
ஏழாவது மூட்டை முன்னால் நின்றுவிட்டார்.
குனிந்து அந்த 22-ஐப் பார்த்தார்.
இரண்டின் வாலை
மேலே சுழித்து விட்டிருந்தது.
வலது கையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.
விலை உண்டா?
செங்கொடி குவிண்டாலுக்கு அரசு ரேட்டைச் சொன்னாள்.
கணக்கு சரி என்பதுபோல் தலையாட்டினார்.

விற்றதற்குச் சிவப்பு வட்டம் ஒட்ட
வாங்கிவைத்த பொட்டு அட்டை
மூன்று கண்காட்சியாய்ப் பிரிக்காமல் கிடக்கிறது.
வாஜிதா அதைக் கையில் எடுத்தாள்.

கேட் திறந்தது. பஸ் ஹாரன்.
போகிற அவசரத்தில் பதிவேட்டில் எழுதினார்.
பெயர் இல்லை, ஊர் இல்லை.
கருத்து என்ற கட்டத்தில் மட்டும்
22,
வாலை மேலே சுழித்து.

செங்கொடி அந்தப் பக்கத்தை
மாட்டவேண்டும் என்கிறாள்.
பதிவேட்டைக் கிழிக்கக்கூடாது என்கிறான் இருதயம்.
சட்டப்படி பார்த்தால் அவர் நாங்கள் இல்லை,
காட்டுவதும் முதல்முறை.
ஆணி இருக்கிறது.
நாளைக்குக் கூட்டம்,
கேட் திறந்திருக்கும் நேரமாய்ப் பார்த்து.