மூன்று எம்

"2மணி 30நிமிடம்" என்று கொடுத்தால்
ஒன்பதாயிரம் என்று திருப்பித் தரும்
நான் எழுதிய ஃபங்ஷன்.
எண்ணைப் பிய்த்தெடு, ஒட்டியிருக்கும் எழுத்தைப் பார்.
எச் என்றால் மூவாயிரத்து அறுநூறு,
டி என்றால் எண்பத்தாறாயிரத்து நானூறு,
எம் என்றால் அறுபது.
பதினோரே வரி.
டர்பனில் அன்றைய மின்வெட்டு வருவதற்குள்
ஏற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

ஃபீனிக்ஸ் கிளினிக்கின் மருந்துச் சன்னலில்
நர்ஸ் நொக்வாண்டா தட்டியது: 3எம்.
அவள் நினைத்தது மூன்று மாதம்.
என் வரி படித்தது நூற்று எண்பது நொடி.

காத்தாயி படையாச்சி, வயது ஐம்பத்தெட்டு,
சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு இரண்டு,
தொண்ணூறு நாளைக்கான மாத்திரையை
பிளாஸ்டிக் பையில் முடிந்துகொண்டு
மினிபஸ் டாக்சிக்குக் கை நீட்டும்போது
போன் அதிர்ந்தது:
"உங்கள் மருந்து தீர்ந்துவிட்டது. உடனே வரவும்."

பையைப் பிரித்து எண்ணிப் பார்த்தாராம்.
இருநூற்று எழுபது, குறையவில்லை.
இருந்தாலும் திரும்பி நடந்தார்,
கம்ப்யூட்டர் சும்மாவா சொல்லும் என்று.

மறுபடி வரிசை. முன்னால் நாற்பத்தொரு பேர்.
"ஜஸ்ட் நவ்" என்றான் வாசல் காவலாளி.
இந்த ஊரில் அது ஒரு மணி நேரமாகவும் இருக்கும்,
சாயங்காலமாகவும் இருக்கும்.
"நவ் நவ்" என்றால் கொஞ்சம் சீக்கிரம்.
வெறும் "நவ்" என்றால் யாரும் எழுந்திருப்பதில்லை.
எதால் பெருக்க இவற்றை?

மூன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.
பதினோராயிரத்து எழுநூறு.
தையல் ஆலையில் அரைநாள் கூலி போயிற்று.

புகார் என் மேசைக்கு வந்த இரவு
இலக்கணம் தேவையில்லாமல் ஞாபகம் வந்தது.
மாத்திரை: கண் ஒருமுறை இமைக்கும் பொழுது.
அந்தக் கணக்கில்
இருநூற்று எழுபது மாத்திரையை
மூன்று நிமிடத்துக்குள் இமைத்தே தீர்த்துவிடலாம்.
சிரிப்பு வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

இனி வெறும் எம் செல்லாது என்று எழுதினேன்.
நிமிடமா, மாதமா, முழுதாகச் சொல்.
அடுத்த வரியிலேயே இடறினேன்:
மாதத்துக்கு எத்தனை நொடி?
பிப்ரவரியிடம் கேட்டால் ஒன்று,
மார்ச்சிடம் கேட்டால் வேறு.

மன்னிப்புக் கேட்க அழைத்தேன்.
"ஒரே நிமிஷம்" என்று போனை எங்கோ வைத்தார்.
குழாய்ச் சத்தம். நாய். யாரோ யாரையோ அதட்டுகிறார்கள்.
வெங்காயம் எண்ணெயில் விழும் ஓசை.
திரையில் அழைப்பின் கடிகாரம்
ஏழு நிமிடத்தைத் தாண்டியது.
நான் வைக்கவில்லை.