வரிசை எண் நாற்பத்தொன்று

காப்பித் தோட்டத்துப் பங்களாவை
வங்கி எடுத்துக்கொண்ட அன்று
பட்டியல் எழுத என்னை அனுப்பினார்கள்.
ஏற்காட்டில் மழை விட்டிருக்கவில்லை.
நாற்காலி பதினாறு. பியானோ ஒன்று, கரையான்.
சம்பள அறையில், ஈரச்சுவரில், ஒற்றை ஆணியில்
அவர்.

எண்ணெய் ஓவியம்.
பின்பக்கம் இத்தாலியச் சுங்கத்தின் அரக்கு முத்திரை.
ரோமாபுரிச் சக்கரவர்த்தி; எவர் என்று சொல்லும்
பித்தளைத் தகடு மட்டும் கழன்று போயிருந்தது.
கோடையில் மேட்டூர் அணைக்குள் நடந்தால் தெரியுமே,
அந்த வெடிப்பு, கன்னம் முழுக்க.

வரைந்தவன் இவரைப் பார்த்ததில்லை.
ஆயிரத்தைந்நூறு வருசம் பிந்திப் பிறந்தவன்.
மூக்குடைந்த சிலை எதையோ பார்த்து வரைந்து,
மூக்கை மட்டும்
வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரனிடம் எடுத்திருப்பான்.
அவ்வளவு அசலான மூக்கு.

"தலையில காப்பி எலை" என்றார் காவலுக்கிருந்த சடையன்.
முப்பது வருசம் இந்த முகத்துக்குக் கீழேதான்
சனிக்கிழமைதோறும் கைநாட்டு வைத்தாராம்.
"மொதலாளிக்கு மொதலாளின்னு நெனச்சோம்.
கூலி கம்மின்னா இவரத்தான் மொறைப்போம்.
அவரு கண்ண எடுக்கவே மாட்டாரு."

சன்னலுக்கு வெளியே
சில்வர் ஓக் மரமெங்கும் மிளகுக்கொடி
பச்சையாய்ச் சரம் விட்டிருந்தது.
இதற்காகத்தானே ஐயா
கப்பல் கப்பலாய்ப் பொன்னை அனுப்பினீர்கள்.
அனுப்பிவிட்டு, கஜானா காலி என்று
புலம்பியும் இருப்பீர்கள்.
ஒரு சரம் பறித்துச்
சட்டத்தின் மேல் வைக்கத் தோன்றியது.
வைக்கவில்லை. பட்டியலில் இல்லாத பொருள்.

மதிப்பு என்ற கட்டத்தில்
சட்டம் தேக்கு, எண்ணூறு ரூபாய் என்று எழுதினேன்.
முகத்துக்கு என்னிடம் விலை இல்லை.

இருபது கொண்டை ஊசி வளைவு.
ஜீப்பின் பின்சீட்டில் அவருக்கு
பெல்ட் போட்டுவிட்டான் மாதேஸ்.
ஒவ்வொரு திருப்பத்திலும் என் தோளில் சாய்ந்தார்;
பழைய வார்னிஷ் வாடை, கூடவே எலிப்புழுக்கை.
அடிவாரச் சோதனைச் சாவடியில்
டார்ச் அடித்துப் பார்த்தார் காவலர்.
"யாருங்க இது?"
"கடன்காரருங்க" என்றான் மாதேஸ்.
விட்டுவிட்டார்.

ஏலம் வரைக்கும் வைக்க
சேலம் கிளையில் வேறு இடமில்லை.
நகைக்கடன் பெட்டக அறையில்
சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொன்னார் மேலாளர்.
நான் திருப்பவில்லை.
எதிரே அலமாரி நிறைய, சின்னத் துணிப்பைகளில்,
டோக்கன் கட்டிய
கம்மல், தாலிக்கொடி, ஏதோ ஒரு குழந்தையின் காப்பு.

பார்த்துக்கொண்டிருங்கள்.
வட்டி கட்டுகிறவர்கள்
பத்து மணிக்கு வருவார்கள்.