இழுவைக் கயிறு

பேரில்தான் டெல்லி.
டெல்லிபாபு வடக்கே போனது கும்மிடிப்பூண்டி வரை,
அதுவும் ஒரு கல்யாணத்துக்கு.
பிறந்ததும் கடன்பட்டதும் காசிமேடு, நாகூரான் தோட்டம்.

அவன் படகில் நான் டிரைவர்.
கரையில் கிடக்கும் நாட்களில்
சத்தமாகப் பேப்பர் படிப்பதும் நான்தான்.
துறைமுகத்தில் அன்று சாம்பல் நிறத்தில்
ஒரு வெளிநாட்டுப் போர்க்கப்பல். நட்புப் பயணமாம்.
போன மாதம் நின்றது
இதைக் கண்டால் பீரங்கியைத் திருப்பும் நாட்டின் கப்பல்.
அதுவும் நட்புப் பயணம்தான்.
எந்த அணியிலும் இல்லை, எல்லா மேசையிலும் உண்டு
என்று போட்டிருந்தது.
வியூகத் தன்னாட்சி என்று அதற்குப் பேர்.
காதிலிருந்து பீடியை எடுத்தான் டெல்லி.
"இத்த பத்து வருசமா செய்றேன்,
ஒருத்தனும் பேரு வெக்கல."

நிஜம்தான்.
டீசல் முனிரத்தினத்திடம், ஐஸ் கிளமெண்டிடம்.
ஒருவர் கடனுக்கு மீன் கேட்பார்,
மற்றவர் மீனுக்குக் கடன் கொடுப்பார்.
சுருக்கு ஒன்றுதான், முடிச்சுதான் வேறு பக்கம்.
யாரிடமும் ஒரு தங்கலுக்கு மேல் பாக்கி வைத்ததில்லை டெல்லி.
இருவர் வீட்டு விசேஷத்துக்கும் போவான்,
இரண்டிலும் கடைசிப் பந்தி.
அதுதான் விலை.

பிறகு அந்தப் பதினோரு படகு.
சங்கம் பெரிய படகுக்காரர்களுடையது என்று ஆன வருடம்
ஏலக் கூடத்துக்குப் பின்னால்
ஐஸ் உடைக்கும் மெஷின் சத்தத்துக்கு மேலே
கத்திக் கத்திப் பேசி முடித்தது:
எவன் இன்ஜின் நின்றாலும்
கிட்டத்தில் இருப்பவன் போட்ட வலையை விட்டுவிட்டு வரணும்.
டீசல் செலவு பதினோரு பங்கு.
எழுதிக்கொள்ளவில்லை.
தனகோட்டி மட்டும் கேட்டான்,
"வலயில மீன் நெறய இருந்தா?"
எவனும் வாய் திறக்கவில்லை.
ஆட்கள் கலைந்த பிறகும் அந்தக் கேள்வி அங்கேயே கிடந்தது,
செதிலோடு செதிலாக.

ஐப்பசி.
பழவேற்காட்டுக்கு நேர் கிழக்கே முப்பது மைல்.
கியர்பாக்ஸ் ஒரு முறை இருமியது, அவ்வளவுதான்.
வாடைக்காற்று பக்கவாட்டில் அறைய
நான் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.
ரொம்ப நேரம் கழித்து ஒரு குரல்,
"யாரு ஆளு நீங்க?"
மைக்கைப் பிடுங்கினான் டெல்லி.
முனிரத்தினம் பேரைச் சொன்னால் போதும்,
கிளமெண்ட் பேரும் செல்லும்.
"எவன் ஆளும் இல்ல. காசிமேடு."
அப்புறம் அந்தச் சேனலில்
கடலின் கரகரப்பு மட்டும்.

பதினொன்றில் நாலு கரையில் இருந்தன.
மூன்று எடுக்கவில்லை.
ஒருவன் வருகிறேன் என்றான், இன்றுவரை வந்துகொண்டிருக்கிறான்.
விடிய ஒரு மணி நேரம் இருக்கையில் வந்தது
தனகோட்டியின் விளக்கு.
வந்ததிலிருந்து கெட்ட வார்த்தைதான்.
எங்கள் அம்மாக்கள் எல்லாரையும் இழுத்த பிறகு
படகை இழுத்தான்.
எங்கள் கயிறு உளுத்திருந்தது. அவன் கயிறு.

எவன் கயிறும் வேண்டாம் என்றவன்
முன்னணியத்தில் குந்தி
வழி நெடுக அந்தக் கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்,
காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைப் போல.
துறைமுக வாயில் தாண்டி
சாம்பல் கப்பல் விளக்குகளோடு நின்றிருந்தது.
அதன் மாலுமி ஒருவன்
எங்களைப் போட்டோ எடுத்தான். கையும் ஆட்டினான்.

கரைக்கு வந்ததும் முனிரத்தினத்தின் ஆள்:
"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அனுப்பியிருப்பாரே."
ஐஸ் விலை அந்த வாரம் ஏறியது.
பங்குப் பணம் ஏழு பேர் கொடுத்தார்கள்,
தனகோட்டியின் விட்ட வலைக்கு அது பாதிகூட ஆகவில்லை.
கொடுக்காதவர்களோடும் டெல்லி டீ குடிக்கிறான்,
காசு மட்டும் தனித்தனியாக.

கியர்பாக்ஸுக்கு முன்னால் கயிறு வாங்கினான்.
நாற்பது பாகம், நல்ல கனம்.
எங்களை இழுக்க இதில் பாதி போதும் என்றேன்.
"நம்மள இழுக்க இல்லடா" என்றான்,
கடைக்காரரிடம் ஐம்பது ரூபாய்க்குச் சண்டை போட்டபடி.
ரொக்கம்.