அறுநூறு கிராம்

முதலில் அது வெறும் பல்லுத்தான்.
களுவாஞ்சிகுடியில் பிடுங்கினார்கள்.
புள்ளத்தாச்சிக்கு முரசு வீங்கும், பயப்படாதீங்க.
குழி மூடவில்லை.
மூன்று கிழமை உப்புத் தண்ணியில் கொப்பளித்தேன்.
ஒரு காலை, தேத்தண்ணி
நாடி வழியே வடிந்தது தெரியவில்லை.
வலப்பக்க உதட்டை யாரோ
என்னைக் கேளாமல் எடுத்துப் போயிருந்தார்கள்.

மறுகா மட்டக்களப்பு.
படம் பிடிக்கும் அறையில் அந்தப் பொடியன்
வயிற்றின் மேல் ஈயச் சட்டையைப் போட்டு
இழுத்து இழுத்துச் சரிசெய்தான்.
உள்ளே நீ உதைத்தாய்.
ஈயம் அசைஞ்சது அக்கா என்றான்.
பொய்தான். ஆனாலும்.

சதைத் துண்டு கொழும்புக்குப் போய்
பதினொரு நாளில் ஒரு பெயரோடு திரும்பியது.
எலும்பில் முளைக்கும் புற்று. தாடையில் அபூர்வம்.
கர்ப்பிணியின் தாடையில் என்றால்,
டொக்டர் சிஃபானா மேசையில் விரலால் ஒரு கோடு கீறி
நானும் புத்தகத்திலதான் பார்த்திருக்கிறன் என்றார்.
அந்தச் சொல்லுக்காகத்தான் கையெழுத்து வைத்தேன்.

மாமி கேட்டா, புள்ள பிறக்குமட்டும் பொறுக்கேலாதா?
இவர் கேட்டார், புள்ள இல்லாட்டி வைத்தியம் லேசா?
இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்து
ஒரே பணிஸைப் பிய்த்துத் தின்றபடி.

நான் கல்முனையில் அடகுப் பிரிவில் வேலை.
பத்து வருடம் ஊரார் தாலிக்கொடியை
மில்லிகிராம் வரைக்கும் நிறுத்தவள்.
ஸ்கேனில் உன் நிறை அன்று அறுநூறு கிராம்.
எதிர்த்தட்டில் எதை வைப்பது?

ஒன்பது மணித்தியாலம்.
தாடையை அரிந்தெடுத்து
காலெலும்பை வெட்டி வளைத்து அங்கே பொருத்தினார்கள்.
கண் விழித்தால் தொண்டையில் குழாய்.
கொப்பியில் கேள்வியை எழுதி முடிக்குமுன்
தாதி கருவியை வயிற்றில் அழுத்தினா.
கல்லடிப் பாலத்துக்குக் கீழே
எஞ்சின் வள்ளம் போகிற சத்தம்.
எழுதினேன்: இன்னும் கூட்டுங்க.

முப்பத்து நாலாம் கிழமை உன்னை எடுத்தார்கள்.
எட்டு நாள் பால் தந்தேன்.
ஒன்பதாம் நாள் மருந்து ஏறியது.
அதன்பிறகு சுரந்ததெல்லாம் பேசினுக்குள்.
அதற்கும் ஒரு நிறை இருந்திருக்கும்,
நான் பார்க்கவில்லை.

இப்போது உனக்கு ஏழு மாதம்.
கீழ் முரசில் வெள்ளையாக ஏதோ.
போன் வெளிச்சத்தில் மூன்று தரம் பார்த்தேன்.
இவரை எழுப்பிக் காட்டினேன்.
பல்லுத்தான்கா, படு.

விடியக் கண்ணாடியில்
என் நாடியின் வலப்பக்கம் சின்னதாய் ஒரு தழும்பு.
எப்போது கடித்தாய்?