முப்பத்தோராவது வாரம்

பாசிக்குடாவில் எனக்கு ஒரு வாரம் இருக்கிறது.
வளவு இல்லை, வயல் இல்லை,
வாரம்.
வருடத்தின் முப்பத்தோராவது. அறை இருநூற்றி ஆறு.
கடலைப் பார்த்த ஜன்னலோடு
முப்பது வருடத்துக்கு எழுதித் தந்தார்கள்.

தபால் கந்தோரில் இருபத்தொன்பது வருடம்
முத்திரை குத்தி வந்த பணிக்கொடை அது.
விற்க வந்த பொடியன் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான்.
'அன்ரி' என்றான். குளிர்ந்த துவாய் தந்தான்.
முகம் துடைத்த ஈரம் காயுமுன்னே
கையெழுத்து வைத்துவிட்டேன்.

முதல் வருடம் போனேன். சொன்னபடி கடல் இருந்தது.
இரண்டாம் வருடம் அறையில் திருத்த வேலை.
மூன்றாம் வருடம், 'நிரம்பிட்டு, நவம்பர்ல வாங்க.'
நவம்பரில் அங்கே மழையும் நண்டும்தான் வரும்.
பராமரிப்புக் கட்டணம் மட்டும்
ஒரு வருடமும் பிந்தவில்லை.

பாசிக்குடாக் கடல் நல்லது.
எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேலே ஏறாது.
ஒப்பந்தம் அப்படியில்லை.
பதினேழாம் பிரிவில் கால் வைத்தேன்,
நிலம் முட்டவில்லை.

ஆரிடம் சொல்ல?
செங்கலடியில் தங்கச்சி வீட்டில் ஏழு நாள் கிடந்துவிட்டு
'கடல் நல்லம்' என்று அயலுக்குச் சொன்னவள் நான்.

வாழைச்சேனையில் பிரதி எடுக்கும் கடையில்
விதுர்ஷன் கடதாசியைக் கண்ணாடியில் கவிழ்த்தான்,
மறுகா நிமிர்த்திப் பார்த்தான்.
'இதே கடதாசிய நேத்தும் ஒராள் கொண்டு வந்தவர், மிஸ்.'
பச்சை வெளிச்சம் ஒருதரம் ஓடி முடிந்தது.

கூட்டுறவுச் சங்க மேல்மாடி. பதினொரு பேர்.
ஒரே அறையின் அயலவர் நாங்கள்,
இடையில் சுவருக்குப் பதிலாக
ஒரு ஞாயிற்றுக்கிழமை.
கிரானில் நெல் ஆலை வைத்திருக்கும் கோபாலரத்தினம் இருபத்தெட்டு.
றொசலின் ரீச்சர் நாற்பது, மழைக்காலம், பாவம்.
ஏறாவூரில் லொறி ஓட்டும் நிஸாம்டீன் காக்கா
'எனக்கும் முப்பத்தொண்டுதான் தங்கச்சி' என்றார்.
அறை?
இருநூற்றி ஆறு.

இரண்டு கடதாசியையும் பக்கத்தில் வைத்தோம்.
ஒரே கட்டில், அதே ஏழு இரவு, விலைதான் வேறு.
அவருடையது மலிவு.
அதற்குத்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது.
றொசலின் ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.
காக்கா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.
ஏமாந்ததை எண்ணி
நானும் சிரித்தது அன்றுதான்.

பாவனையாளர் சங்கம் என்று பெயர் வைத்தோம்.
ஒன்றையும் பாவிக்காதவர்கள்.
பாவனை மட்டும் செய்து வந்தவர்கள்.

என் பங்கு தபால்.
சும்மா தபாலில் போடாதீங்க, பதிவுத் தபால்,
வாங்கினவன் ஒப்பமிட்ட அட்டை திரும்பி வர வேணும்.
தனியாக நான் எழுதிய ஐந்து கடிதத்துக்கு வராத பதில்
பதினொரு கையெழுத்துக்கு ஒன்பதாம் நாள் வந்தது.
கழுத்துப்பட்டிப் பொடியன் இப்போது
'அன்ரி' என்பதில்லை, 'மேடம்' என்கிறான்.
போனால் ஒரு கதிரை போதாது அவனுக்கு,
உள்ளேயிருந்து தூக்கி வர வேண்டும்.

மறுகா?
இரண்டு பேருக்குக் காசு திரும்பியது, பாதி.
கட்டண உயர்வை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், எதுவரை என்று எழுதவில்லை.
காக்காவும் நானும் இன்னும் ஒரே அறையில்தான்,
கச்சேரியில் ஒரு கோப்புக்குள்.

இந்த வருடமும் முப்பத்தோராவது வாரம் வந்தது.
செவ்வாய்க்கிழமை கூட்டம்,
இஞ்சி போட்ட பிளேன்ரீ, கால் ஆடும் பிளாஸ்டிக் கதிரை.
புதிதாக வந்தவள் கைப்பையைத் திறக்காமல்
மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.
வெட்கம். எனக்குத் தெரிந்த வெட்கம்.
என் கதிரையை அவள் பக்கம் இழுத்தேன்.
'இருநூற்றி ஆறு என்டாலும் சொல்லுகா,
அங்க ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கம்.'